மெல்லிய உதைப்பும் அதன் கீழ்வரம்பும்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் கலந்துகொள்வோரில் கணிசமானவர்கள், தாம் சுடும் தோட்டாக்களைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கியெடுத்து, சுத்தம் செய்து, விரிந்துபோன சுவரைப் பழைய அளவுக்கு நெரித்துச் சரிப்படுத்தி, அடியில் புதிய பிரைமரைப் பொருத்தி, வெடிமருந்தை அளந்து போட்டு, வாயில் குண்டை வைத்து இறுக்கி, வீட்டின் ஒரு மூலையில் நிறுத்திய சிறு கை யந்திரத்தின் துணையால் தாமே தயாரித்துக்கொள்கிறார்கள். இதற்குச் சிக்கனம் ஒரு காரணம் என்பது மெய்யே. ஆயினும் போட்டியில் முந்த விரும்புகிறவனுக்குச் சிக்கனத்தைவிடப் பிரதானமான காரணம் ஒன்று உண்டு. சுடும்போது கையில் வந்து விழும் உதைப்பைத் தன் கைக்கும் தன் துப்பாக்கிக்கும் ஏற்றவாறு மெலியச் செய்துகொள்ள வேண்டும் என்பதே அது. இந்த நாட்டத்தைச் சிலர் பலவீனம் என்று இகழ்கிறார்கள்; வேறு சிலர் விதியின் சந்தில் நுழைந்து போகும் தந்திரம் என்கிறார்கள். இரண்டும் சரியல்ல, இது அளவறிந்து செய்யும் நேர்மையான வித்தை என்பதும், அந்த வித்தைக்கு ஒரு கீழ்வரம்பு இருந்தே தீரவேண்டும் என்பதும், அந்த வரம்பைப் பெரிய பந்தயங்களில் மட்டுமன்றிச் சிறிய மன்றங்களிலும் அளந்து பார்க்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

உதைப்பு என்பது துப்பாக்கியின் குறை அன்று, இயற்கையின் நியதி. ஒரு பொருள் எவ்வளவு உந்தத்துடன் முன்னே தள்ளப்படுகிறதோ அவ்வளவு உந்தம் தள்ளியதன்மேல் திரும்பி விழும் என்பதை நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வகுத்துவிட்டார். ஆனால் குழலின் வாயிலிருந்து முன்னே பாய்வது குண்டு மட்டுமன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எரிந்து வாயுவாக மாறிய வெடிமருந்தும், குண்டைக் காட்டிலும் மிகுந்த வேகத்தோடு, அதன் பின்னாலேயே சீறி வெளியேறுகிறது. மருந்தின் எடை குண்டின் எடையில் சிறு பங்கே ஆயினும், வேகம் மிகுதியாகையால் அந்த வாயுவின் உந்தமும் சுடுகிறவன் கையில் வந்து சேருகிறது. ஆகவே குண்டின் உந்தத்தைத் தொடாமலே உதைப்பைக் குறைக்க வழி உண்டா என்று கேட்டால், மருந்தின் எடையைக் குறைக்க முடிந்தால் உண்டு என்பதே விடை.

குண்டின் உந்தத்தையே குறைத்துவிட்டால் வேலை இன்னும் எளிதாகுமே என்று வாசகர் கேட்கலாம். அங்கேதான் விதி குறுக்கே நிற்கிறது. 1976ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் ஐ.பி.எஸ்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச நடைமுறைத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு தோன்றியபோது, அதன் முதல் தலைவரான ஜெஃப் கூப்பரும் அவருடைய சகாக்களும் துல்லியம், வலிமை, வேகம் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று சமமான இலட்சியங்களாக வைத்தார்கள். துல்லியத்தைக் காகித இலக்கு காட்டும். வேகத்தைக் கடிகாரம் காட்டும். வலிமையைக் காட்ட ஒரு கணக்கு வேண்டியிருந்தது. குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணையே இன்று பவர் ஃபாக்டர் என்கிறார்கள். ஒரு கிரெயின் என்பது ஒரு பவுண்டில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. சுமார் 65 மில்லிகிராம். அமெரிக்கக் கிளையான யு.எஸ்.பி.எஸ்.ஏ.யின் விதிப்படி இந்த எண் 125ஐ எட்டினால் 'மைனர்', 165ஐ எட்டினால் 'மேஜர்'. இலக்கின் நடுப்பகுதியில் பட்டால் இரண்டு வகைக்கும் 5 புள்ளிகள். அதை அடுத்த பகுதியில் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. ஓரத்தில் பட்டால் மேஜருக்கு 2, மைனருக்கு 1. பெற்ற புள்ளிகளைச் செலவழித்த வினாடிகளால் வகுத்தே வரிசை நிர்ணயிக்கப்படுவதால், ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையில் துப்பாக்கி முனை எழும்பி மீண்டும் இலக்கில் வந்து அமர எடுக்கும் அந்தக் கணப்பொழுது, நாள் முழுவதும் சேர்ந்து வெற்றி தோல்வியை மாற்றிவிடுகிறது. சில பிரிவுகளில் எவ்வளவு வலிய தோட்டாவைச் சுட்டாலும் மைனர் கணக்கே தருவார்கள்; அங்கே 125ஐ மிஞ்சிய வலிமை முழுதும் வீண் சுமையாகவே முடிகிறது.

இனி அந்த 125ஐ எட்டும் வழிகளைப் பார்ப்போம். 9 மில்லிமீட்டர்த் துப்பாக்கியில் 115 கிரெயின் குண்டைச் சுடுகிறவனுக்கு வினாடிக்கு 1,087 அடி வேகம் வேண்டும். 124 கிரெயினுக்கு 1,009 அடி போதும். 147 கிரெயினுக்கு 851 அடியே போதும். மூன்றிலும் குண்டின் உந்தம் ஒன்றுதான். ஆனால் கனத்த குண்டை மெதுவாகச் செலுத்துவதற்குப் பொதுவாகக் குறைந்த மருந்தே தேவைப்படுகிறது. மருந்து குறைந்தால் வாயு குறைகிறது. வாயு குறைந்தால் மொத்த உதைப்பும் சிறிது குறைகிறது. இதோடு, விரைவாக எரியும் மருந்தைத் தேர்ந்தெடுத்தால் அதே வேகத்தை இன்னும் சிறிய அளவால் பெறலாம். மெதுவாக எரியும் மருந்து அதே வேலைக்கு ஒன்றரை மடங்கும் அதற்கு மேலும் கேட்பதுண்டு. செம்புக் கவசம் போட்ட குண்டைவிட, வெறும் ஈயக் குண்டும் மெல்லிய பூச்சுப் பூசிய ஈயக் குண்டும் குழலுக்குள் எளிதாக நழுவிச் செல்வதால், அங்கேயும் மருந்தில் கொஞ்சம் மிச்சமாகிறது. கனத்த குண்டு, பூச்சுப் பூசிய ஈயம், விரைந்து எரியும் மருந்து ஆகிய இம்மூன்றும் கூடிய தோட்டாதான் இன்று மைனர் பிரிவுக்காரர்கள் பலரும் நாடும் மென்மையான தோட்டா. இந்த நாட்டம் எவ்வளவு பரவிவிட்டது என்றால், பெடரல் நிறுவனம் 150 கிரெயின் பூச்சுக் குண்டுடன் இப்போட்டிகளுக்கென்றே ஆயத்தத் தோட்டாவை விற்கத் தொடங்கிவிட்டது.

கணக்கு இவ்வளவுதான், கை உணர்வது வேறு ஒரு விஷயம். தராசில் ஒன்றுபோல் நிற்கும் இரண்டு தோட்டாக்கள் கையில் ஒன்றுபோல் இருப்பதில்லை. 147 கிரெயின் குண்டு உள்ளங்கையை நிதானமாகத் தள்ளுகிறது. 115 கிரெயின் குண்டு வெடுக்கென்று அறைகிறது. தள்ளலே சுகம் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஆனால் மிக வேகமாகச் சுடக்கூடியவர்களில் சிலர், கனத்த குண்டைச் சுடும்போது துப்பாக்கியின் மேற்பகுதி பின்னே சென்று மீள்வது மந்தமாகத் தோன்றுகிறது என்றும், 124 கிரெயினில் சிறிது கூர்மையான அடி விழுந்தாலும் குறி விரைவில் திரும்பி அமர்கிறது என்றும் சொல்லி, தெரிந்தே கடினமானதைத் தேர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். மென்மை ஒரு சாதனமே. குறி எங்கே, எப்போது, எவ்வளவு ஒழுங்காகத் திரும்பி வருகிறது என்பதுதான் நோக்கம். தோட்டாவை மென்மையாக்கிவிட்டு, அந்த மேற்பகுதியை முன்னே தள்ளும் ஸ்பிரிங்கை மாற்றாமல் விட்டவன், துப்பாக்கி முன்னே திரும்பும்போது முனை கீழே குத்துவதைக் கண்டு மருந்தைப் பழிக்கிறான். பிழை மருந்தில் இல்லை, அந்த மருந்துக்குப் பொருந்தாத ஸ்பிரிங்கில் இருக்கிறது. தோட்டா, ஸ்பிரிங், பிடி மூன்றையும் ஒன்றாக வைத்து, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறித்துவைத்துச் சோதிக்கிறவனுக்கே இந்த வித்தை வசப்படுகிறது. அந்தச் சிரத்தைதான் இதில் என்னை மிகவும் கவர்வது.

மேற்சொன்ன நியாயம் அப்படியே தலைகீழாகும் இடமும் ஒன்று உண்டு. 'ஓப்பன்' பிரிவில் குழலின் முனையில் வாயுவை மேல்நோக்கித் திருப்பிவிடும் துளைகள் கொண்ட காம்பென்சேட்டர் என்னும் உறுப்பைப் பொருத்திக்கொள்ள விதி இடமளிக்கிறது. மேலே சீறும் வாயு முனையைக் கீழே அழுத்துவதால், அங்கே வாயு மிகுந்தால்தான் துப்பாக்கி அசையாமல் நிற்கும். எனவே அவர்கள் மெதுவாக எரியும் மருந்தை நிரம்பப் போட்டு, இலேசான குண்டை மிகுந்த வேகத்தில் செலுத்தி, காதைப் பிளக்கும் ஓசையோடு, ஆனால் முனை எழும்பாமல் சுடுகிறார்கள். ஒரு துப்பாக்கிக்கு அமிர்தமான மருந்து மற்றொன்றுக்கு விஷமாகிவிடுகிறது.

மென்மையைத் தேடுவது ஐ.பி.எஸ்.சி. காலத்தில் பிறந்த பழக்கமும் அன்று. ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக் கரையிலுள்ள கேம்ப் பெர்ரியில் 1907ஆம் ஆண்டு முதல் அமெரிக்கத் தேசியப் பந்தயங்கள் நடந்துவந்திருக்கின்றன. அங்கே நடந்துவந்த 'புல்ஸ்ஐ' போட்டியில், ஒரே கையால் துப்பாக்கியை நீட்டிப் பிடித்து, 50 கஜத்தில் நிதானமாகவும், 25 கஜத்தில் ஐந்து குண்டுகளை 20 வினாடிக்குள்ளும் பிறகு 10 வினாடிக்குள்ளும் சுடவேண்டும். இராணுவத்தின் .45 தோட்டா 230 கிரெயின் குண்டை வினாடிக்குச் சுமார் 830 அடி வேகத்தில் செலுத்துவது. பவர் ஃபாக்டர் கணக்கில் 190. அதை ஒற்றைக் கையில் தாங்கிப் பத்து வினாடிக்குள் ஐந்து முறை சுட்டு நடுவட்டத்தில் நிறுத்துவது எல்லோராலும் ஆகிற காரியம் அன்று. ஆகவே அந்தத் தலைமுறையினர் 185 அல்லது 200 கிரெயின் எடையுள்ள, முகம் தட்டையாகவும் விளிம்பு கூராகவும் வார்த்த ஈயக் குண்டை வினாடிக்கு 750 அடியை ஒட்டிய வேகத்தில் செலுத்தி, துப்பாக்கியில் வழக்கமாக உள்ள 16 பவுண்டு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இன்னும் இளகியதைப் பொருத்திக்கொண்டார்கள். காகிதத்தில் வட்டமாகவும் சுத்தமாகவும் துளை விழுந்தது, கை களைக்கவில்லை.

இந்தப் போட்டியில் வலிமைக்கு எழுதப்பட்ட கீழ்வரம்பு எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே வரம்பை இயற்கையே விதித்தது. மருந்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் துப்பாக்கியின் மேற்பகுதி முழுதும் பின்னே போகாமல் வெற்றுக்கூடு வாயிலில் சிக்கிக்கொள்ளும். குண்டின் வேகமும் சீராக அமையாமல், 50 கஜத்தில் குண்டுகள் சிதறும். மென்மையின் பேராசைக்குத் தண்டனை அங்கேயே, அந்த இலக்கிலேயே கிடைத்துவிட்டது. தூரம் குறைந்து, இலக்கு பெரிதாகி, கடிகாரமே முக்கியமான போட்டிகளில்தான் அந்தத் தண்டனை இல்லாமற் போகிறது.

அதற்குச் சரியான திருஷ்டாந்தம் பழைய மேற்கத்திய உடையணிந்து, பழைய மாதிரி ரிவால்வர்களால், மிக அருகிலுள்ள பெரிய இரும்புத் தகடுகளைச் சுடும் 'கௌபாய்' போட்டி. தகட்டில் பட்ட ஓசை கேட்டால் போதும் என்ற நிலையில், போட்டியாளர்கள் மருந்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். இன்று அப்போட்டியை நடத்தும் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி, பவர் ஃபாக்டர் 60க்கும் வேகம் வினாடிக்கு 400 அடிக்கும் குறையக்கூடாது என்று விதித்திருக்கிறது. 60 என்பது மிகத் தாழ்ந்த எண். அந்த எண்ணையும் எழுதிவைக்கும் அவசியம் வந்தது என்பதிலிருந்தே, வரம்பு எழுதாவிட்டால் போட்டி மனப்பான்மை மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அறிந்துகொள்ளலாம்.

இது வெறும் கௌரவப் பிரச்சினை அன்று, உயிர்ப் பிரச்சினை. மருந்து மிகக் குறைந்த தோட்டாவில் குண்டு குழலை விட்டு வெளியேறாமல் நடுவில் தங்கிவிடக்கூடும். ஓசை சற்று மந்தமாகக் கேட்டதைப் பொருட்படுத்தாமல், கடிகாரத்துக்குப் பயந்து அடுத்த குண்டைச் சுட்டுவிட்டால் குழல் உப்பிப் போகலாம், பிளந்தும் போகலாம். இதற்கு நேர் எதிரான அபாயமும் இதே மென்மையின் வழியாகத்தான் வருகிறது. விரைந்து எரியும் மருந்து, எடையில் மட்டுமன்றி இடத்திலும் சிறிதே கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வழங்கிவரும், புல்ஸ்ஐ என்றே பெயர் கொண்ட மருந்து இவ்வகையைச் சேர்ந்தது. .38 ஸ்பெஷல் என்னும் நீண்ட கூடோ, இடத்தை அடைத்துக்கொள்ளும் கரிமருந்துக்காக அமைந்தது. அந்த ஆழமான கூட்டின் அடியில் கிடக்கும் சிட்டிகையளவு மருந்தின் மேல், கவனக்குறைவால் இரண்டாவது முறையும் மருந்து விழுந்துவிட்டால், பார்வைக்கு வித்தியாசம் தெரிவது அரிது; சுடும்போதுதான் தெரியும், அப்போது காலம் கடந்திருக்கும். ஆதலால் இரண்டு முறை விழுந்தால் கூடு நிரம்பி வழிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும் பருமனான மருந்தையே தொடக்கக்காரர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லும் அநுபவசாலிகளின் பக்கமே நான் நிற்கிறேன், அதனால் உதைப்பில் ஓர் அணுவளவு மென்மையை இழக்க நேர்ந்தாலும் சரியே. மருந்து தயாரிப்பாளர் அச்சிட்டுத் தரும் அட்டவணையில் உச்ச அளவை மீறுவது குற்றம் என்று எல்லோரும் அறிவர். அதில் கண்ட தொடக்க அளவுக்குக் கீழே தம் போக்கில் இறங்குவதும் குற்றமே என்பதை மென்மையின் பக்தர்கள் மறந்துவிடுகிறார்கள். மருந்தின் அளவைச் சாராத அபாயமும் ஒன்று உண்டு: பிரைமரிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது. கை கழுவாமல் உண்பதும், கூடுகளைத் துலக்கும் தூசியைச் சுவாசிப்பதும் மெல்லக் கொல்லும் பழக்கங்கள்.

வலிமையே கைத்துப்பாக்கியின் லட்சணம், அதை மெலிவித்துச் சுடுவது பொம்மை விளையாட்டு என்ற ஆட்சேபத்துக்கு இப்போது வருவோம். கூப்பரின் தலைமுறை இந்த விளையாட்டைத் தற்காப்புப் பயிற்சியாகவே கருதியது. அவர்களுடைய கவலை நேர்மையானது. ஆனால் 125 என்ற வரம்பு நிற்கும்வரை எவனும் வலிமையைக் கைவிடவில்லை. வலிமையின் மேல் தேவையின்றி ஒட்டிக்கொண்டிருந்த வாயுவையும் அறையையுமே களைகிறான். மேலும், மூட்டுவாதம் கண்ட முதியவரும், சிறிய கையுடைய பெண்ணும், பயிற்சி தொடங்கிய இளைஞனும், கடினமான உதைப்பினால் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் கெட்ட பழக்கத்துக்கு இரையாகாமல் ஒரே வரிசையில் நின்று போட்டியிட இதுவே வழிசெய்கிறது. தேகபலத்தைக் காட்டுவதற்கு வேறு விளையாட்டுகள் உண்டு.

நம் நாட்டு வாசகருக்கு இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்காவில் தன் உபயோகத்துக்காகத் தோட்டா தயாரிப்பவனுக்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைக்குத் தயாரித்தால்தான் தேவை. இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஐந்தாம் பிரிவின்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதையே தடுக்கிறது. 1994இல் ஹிரோஷிமாவிலும், 590 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன்செய்து 2006இல் தோஹாவிலும் ஜஸ்பால் ராணா தங்கம் வென்ற 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில், தொழிற்சாலையிலேயே மென்மையாகத் தயாராகும் .32 தட்டைமுகத் தோட்டாவே பெரிதும் வழங்குகிறது. ஆகவே இங்கே சொன்னவற்றை அறிவுக்காகப் படிக்கலாம்; வீட்டில் முயல்வதற்கு அன்று.

மீண்டும் அந்த 125க்கே வருகிறேன். பெரிய பந்தயங்களில் ஒவ்வொரு போட்டியாளரிடமிருந்தும் எட்டுத் தோட்டாக்களை அதிகாரிகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றைப் பிரித்துக் குண்டை நிறுத்து, முதலில் மூன்றை அவருடைய துப்பாக்கியாலேயே சுட்டு, குரோனோகிராப் என்னும் வேகமானியில் அளந்து கணக்குப் போடுகிறார்கள். 125க்குக் கீழே விழுந்தவர் தொடர்ந்து சுடலாம். ஆனால் அவருடைய புள்ளிகள் கணக்கில் சேரா. ஊரில் 126 காட்டிய தோட்டா, குளிர்ந்த காலையிலோ வேறொரு கருவியின் முன்னாலோ 124 காட்டக்கூடும் என்று அறிந்த விவேகிகள், 129, 130 என்று சிறிது இடைவெளி விட்டே தயாரிக்கிறார்கள். அந்த நாலைந்து எண் கையில் ஏற்படுத்தும் வித்தியாசம் மிக அற்பம். அதை மிச்சப்படுத்தப் போய் ஓராண்டுப் பயிற்சியை இழப்பவர்களுக்காக நான் வருந்துகிறேன். விதி அவர்களிடம் கடுமையாக நடந்துகொண்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

வருத்தம் தருவது வேறு. உள்ளூர் மன்றங்களில் வாரந்தோறும் நடக்கும் சிறு போட்டிகளில் இந்தச் சோதனை பெரும்பாலும் நடப்பதில்லை. போட்டியாளர் சொன்ன வகையை அப்படியே ஏற்று எழுதிக்கொள்கிறார்கள். பொய் சொல்லும் எண்ணம் இல்லாதவர்களும் அங்கே சிறிது சிறிதாகக் கீழே நழுவுகிறார்கள். 130ஐ ஒழுங்காகச் சுட்டவர், 115ஐச் சுட்டவருக்குப் பின்னால் நிற்கவேண்டி வருகிறது. புதிதாக வந்த இளைஞன் அதைக் கண்டு, அட்டவணையின் தொடக்க அளவுக்குக் கீழே இறங்கத் துணிகிறான். மன்றத்தை நடத்துகிறவர்கள் ஒரு வேகமானியை வாங்கிவைத்து, மாதம் ஒருமுறையாவது, முன்னறிவிப்பின்றி, சிலருடைய தோட்டாக்களையேனும் எடுத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கருவியின் விலை ஒரு சாதாரணப் போட்டித் துப்பாக்கியின் விலையில் சிறு பங்குதான். அதை இயக்க ஒரு மணி நேரமும் ஒரு தராசும் போதும். வருகிற பருவத்திலிருந்தே அதை அவர்கள் தொடங்க வேண்டும்.